காப்பை அறுத்தது யார்?

புதிதாகப் பயிற்றுநர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மாறிவரும் உலகத்துக்கு ஏற்ற புதுமையான கற்பித்தல் என்பது தலைப்பாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் வேலையில் சேர்ந்த அன்று காலையில்தான் உலகம் மாறத் தொடங்கியது என்று யாரோ உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் புதுமைக்காரர்கள்தான். எங்கள் பயிற்சி ஷெட்டைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, தலையை ஆட்டிக்கொண்டே நின்றுவிட்டுப் போனார்கள். அந்தப் புதுமை ஒரு பையனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை மட்டும் எழுதுகிறேன். மெஷினைப் பற்றி எழுதப் போவதில்லை. இன்றைய மெஷின்கள் உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். ஓசூர் அப்போது சின்ன ஊர். சுற்றிலும் கேழ்வரகும் கொள்ளும் விளைந்தன, வேலை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெங்களூர்க் கம்பெனிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ஆனால் ஏரைப் பிடித்த கையை நேராக மெஷினில் வைக்க அவர்கள் தயாராக இல்லை. எங்கள் திருச்சபை அன்பர்கள் சிலர் சேர்ந்து பெங்களூர் ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் இரும்பைக் கடையும் பழைய லேத்துகளை வாங்கிப் போட்டு, கிராமத்துப் பையன்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து என்னை வாத்தியாராகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பையன்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சந்தையில் கன்னடம், வகுப்பில் தமிழ், மெஷினின் உறுப்புகளுக்கு இங்கிலீஷ். எதிலும் யாரும் தடுமாறவில்லை. தடுமாறியது நான்தான்.

எனக்கு வேலை பழக்கியவர் ஸ்பேனரால் முட்டியில் தட்டித்தான் பழக்கினார். கேள்வி கேட்டால் இன்னொரு தட்டு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மோதிரம் போடாதே, சட்டையைத் தொங்கவிடாதே என்று தினமும் காலையில் ஒரு பாட்டுப் பாடுவேன். பையன்கள் "சரிங்க சார்" என்பார்கள். சிங்காரப்பேட்டைக் கோவிந்தனும் சரிங்க சார் என்றுதான் சொன்னான். ஒருநாள் துளை போடும் மெஷினில் அவனுடைய செப்பு மோதிரம் மாட்டி, விரலில் ஒரு கணு போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நான் சொன்ன விதி என்னுடைய விதி. அது அவன் காதில் விழுந்தது, கைக்கு வந்து சேரவில்லை. மறுநாள் எல்லாரையும் அந்த மெஷினைச் சுற்றி உட்கார வைத்து, இனி இங்கே என்ன விதி வேண்டுமோ நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் பேச ஆரம்பித்தார்கள், நிறுத்தவே இல்லை. விரலில் மோதிரம் கூடாது, கழுத்திலும் கையிலும் எதுவும் தொங்கக் கூடாது, வேட்டி கூடாது. யார் விதியை மீறினாலும் பார்த்தவன் போய் சுவிட்சை அணைத்துவிடலாம், வாத்தியார் மெஷினாக இருந்தாலும் சரி. தப்புச் செய்தவன் தானாக எழுந்து நின்று "நான்தான் செய்தேன்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவனுக்குத் தண்டனை கிடையாது. இந்தக் கடைசி விதியைச் சேர்த்தது நான். அதைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

முதலில் மாட்டியதும் நான்தான். என் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய வெள்ளிச் சிலுவையைப் பார்த்து ஒரு பையன் சுவிட்சை அணைத்தான். நான் எழுந்து நின்று "நான்தான் செய்தேன்" என்றேன். சங்கிலியைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் மறுபடி போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த ஷெட் வேறு ஷெட். அதற்கப்புறம் அங்கே யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பார்க்க ஆட்கள் வந்தது இதற்குத்தான்.

இப்போது முனிராஜுவைப் பற்றிச் சொல்கிறேன். உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். அப்பா திம்மராயனுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம். ஒரு தங்கை, நண்டுக் குஞ்சு மாதிரி சின்னது. முனிராஜு கொஞ்சம் முன்கோபி. ஆனால் லேத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் அவனைப் போல நிதானம் யாருக்கும் இல்லை. காதை வைத்தே வேலை செய்வான். வெட்டும் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கை நின்றுவிடும். பெங்களூரில் அவனுக்கு வேலை நிச்சயம் என்று நான் நினைத்திருந்தேன். அவன் அம்மாவுக்கு அந்த நிச்சயம் போதவில்லை. மகனுக்கு வேலை கிடைத்துவிட்டால் ஊர் மாரியம்மன் திருவிழாவில் அவன் தீச்சட்டி எடுப்பான் என்று வேண்டிக்கொண்டாள். அப்புறம் வேண்டுதலை மட்டும் முன்னாலேயே கொடுத்துவிடலாம், ஆத்தா மனசு குளிர்ந்தால் வேலை தானாக வரும் என்று அந்த வருஷமே அவனுக்குக் காப்பு கட்ட வைத்துவிட்டாள்.

அந்தப் பக்கத்து வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். திருவிழா தொடங்கும் அன்று பூசாரி மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை மணிக்கட்டில் முடிந்துவிடுவார். அதுதான் காப்பு. கட்டிக்கொண்டவன் திருவிழா முடிந்து பூசாரியே அவிழ்க்கும்வரை அதைக் கழற்றக் கூடாது. பகலில் எங்கே போனாலும் ராத்திரிக்கு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். காப்பு அவன் ஒருவனுக்குக் கட்டியதல்ல, ஊருக்கே கட்டியது. அது அறுந்தால் ஊருக்கு ஆகாது.

அந்தக் கயிற்றோடு முனிராஜு ஷெட்டுக்கு வந்து லேத்தை ஓட்டத் தொடங்கினான். உடனே சுவிட்ச் அணைந்தது. அணைத்தவன் கோவிந்தன்.

"ஏன்டா அணைச்ச?"

"கையப் பாரு."

"இது காப்புடா. பூசாரி கட்னது. கழட்டக் கூடாது."

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமா?"

வழக்கம்போல எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டு, மேலே துணியைச் சுற்றிக்கொண்டால் என்ன என்று ஒருவன் கேட்டான். கோவிந்தன் குறைந்த விரலைத் தூக்கிக் காட்டினான். "எம் மோதிரமும் டைட்டாத்தான் இருந்துச்சி" என்றான். கை தூக்கச் சொன்னபோது எல்லாரும் கூடாது என்றே தூக்கினார்கள். கடைசியில் முனிராஜுவும் தூக்கினான். "அவன் சொல்றது சரிதான் சார். நம்ம போட்ட ரூல்தானே" என்றான்.

நான் குறுக்கே வந்து, இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கயிற்றோடு ஒருவனை லேத் பக்கம் இன்றைக்கும் விட மாட்டேன். காப்பு அறுந்தால் ஊருக்கு ஆகாது, அறுக்காவிட்டால் கை போய்விடும். இரண்டும் இல்லாமல் ஒரு வழி இருந்தது. திருவிழா முடியும்வரை அவனை வைஸ் வேலைக்கு மாற்றினேன், அரம் பிடித்து ராவுகிற வேலை. முனிராஜு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் செய்தான். பெங்களூர்க் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்த நாள் திருவிழாவுக்கு அப்புறம்தான். எனவே எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தேன்.

திருவிழா பாதியில் இருக்கும்போதே அந்தக் கம்பெனி ஃபோர்மேன் வந்து இறங்கிவிட்டார். அவசரமாக ஆள் வேண்டுமாம். கன்னடக்காரர், நல்ல மனிதர். அவரை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம ஊர்லயும் ஜாத்ரே இருக்கு சார், எனக்குப் புரியுது" என்றார். "ஆனா இன்னிக்கே மூணு பேரைக் கூட்டிட்டு வர்றேன்னு மேல சொல்லிட்டு வந்திருக்கேன். லேத்ல ஓட்டிக் காட்டணும். அரம் வேலையைப் பார்த்து நான் என்ன பண்ண?"

"அடுத்த தடவை எப்ப வருவீங்க?"

"ஆறு மாசம் ஆகலாம். வருஷமும் ஆகலாம். வராமலும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

முனிராஜுவிடம் வந்து, இது கடைசிக் கம்பெனி இல்லை, பொறுத்துக்கொள் என்றேன். "கண்டிப்பா மறுபடி வருவாங்களா சார்?" என்று கேட்டான். தெரியாதப்பா என்றேன். அவன் கொஞ்ச நேரம் மற்றவர்கள் மெஷின் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மேசையிலிருந்து இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடை எடுத்தான்.

"டேய், யோசிச்சிச் செய்."

"யோசிச்சிட்டேன் சார்."

ஒரே இழுப்பு. கயிற்றைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டான். கையைக் கழுவிக்கொண்டு லேத்துக்கு முன்னால் போய் நின்றான். அன்று அவன் செய்து கொடுத்த சாமானை ஃபோர்மேன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று பேரில் முதல் பெயர் அவனுடையது. அடுத்த மாதம் பெங்களூரில் சேர வேண்டும். பையன்கள் அவனைத் தோளில் தூக்காத குறை. கோவிந்தன்தான் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டான். வேலை கிடைக்கத்தானே காப்பு கட்டினார்கள், அதே வேலைக்காக அதை அறுத்துவிட்டானே என்று அவனுக்கு மட்டும் தோன்றியிருக்கிறது.

என் சிலுவையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன், சாயங்காலம் போட்டுக்கொண்டேன் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இரண்டும் ஒன்றல்ல. என்னுடையது போன வழியில் திரும்பி வரும். அவனுடையது வராது. எங்கள் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்குக் கொடுக்கிற விலை ஒன்றல்ல.

முனிராஜு அறுந்த கயிற்றைத் தானே முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை இழுத்துவிட்டு ஊருக்குப் போனான். வீட்டில் சொல்லவில்லை. அந்தக் கையோடு தீச்சட்டியும் எடுத்தான்.

திருவிழா முடிவதற்குள் ஊரில் அம்மை வந்துவிட்டது. அந்தக் காலத்து அம்மை என்றால் என்ன என்று உங்கள் தலைமுறைக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். தெருத்தெருவாக வேப்பிலை செருகினார்கள். இரண்டு குழந்தைகள் செத்துப்போயின. அதில் ஒன்று ஊர்க்கவுண்டரின் பேரன். முனிராஜுவின் தங்கை உயிர் பிழைத்துக்கொண்டாள், ஆனால் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஆத்தாவுக்கு எதில் குறை வைத்தோம் என்று ஊர் கூடி யோசித்தது. பூசாரி காப்பு கட்டியவர்கள் எல்லார் கையையும் பிடித்துப் பார்த்தார். முனிராஜுவின் மணிக்கட்டில் இருந்தது அவர் போட்ட முடிச்சு இல்லை.

யார் அறுத்தது என்று அடித்துக் கேட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. வேதக்கார வாத்தியார்தான் வற்புறுத்தி அறுத்திருப்பார் என்று ஊரில் பாதிப் பேர் தாங்களாகவே முடிவு கட்டினார்கள். மறுநாள் மத்தியானம் திம்மராயன் ஷெட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் பையன் நேத்து ராத்திரி எங்கிட்ட நெசத்தச் சொல்லிட்டான் சார். நீங்க அறுக்கல. எனக்குத் தெரியும்."

நானும் எழுந்து நின்றேன்.

"ஆனா நீங்கதான் அறுத்தீங்கன்னு வந்து சொல்லணும். நாளைக்கு ஊர் கூடுது. எங்க ஊட்ட தள்ளி வெச்சிடுவாங்க. கெணத்துல தண்ணி எடுக்க முடியாது. அந்தக் கொழந்தய வெச்சிக்கினு நாங்க எங்க போறது? நீங்க வெளியூரு. வேற சாமி கும்புடறவரு. திட்டுவாங்க, ரெண்டு அடிகூடப் போடுவாங்க. அத்தோட போயிடும். எங்களுக்குப் போவாது சார்."

அவன் சும்மா இருப்பானா என்று கேட்டேன். "அவன் வாயத் தெறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார்.

எங்கள் ஷெட்டின் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் எகிறிக் குதித்தார். "கிறிஸ்தவன் காப்பை அறுத்தான்னு நீயே போய் ஒத்துக்கிட்டா ரெண்டு அடியோட போயிடுமா? அந்த ஊர்ல நம்ம ஜனங்க நாலு வீடு இருக்காங்க. அவங்களை யார் பார்ப்பா? இந்த ஷெட்டை நாளைக்கே மூட வேண்டியதுதான். மத்தப் பசங்களுக்கு என்ன பதில் சொல்லுவே?" அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். திம்மராயன் சொன்னதும் நியாயம். நெருக்கடி என்றால் என்ன என்று உங்கள் பயிற்சி வகுப்புகளில் படம் போட்டுக் காட்டுவார்கள். நான் கண்ட நெருக்கடி இவ்வளவுதான், இரண்டு பக்கமும் நியாயமாகப் பேசினார்கள், எனக்கு ஒரே ஒரு நாக்கு இருந்தது.

ஷெட்டுக்கு ஒரு செயலாளர் இருக்கிறார், திருச்சபை இருக்கிறது. நாலு வீட்டுக்கு ஏதாவது ஆனாலும் கேட்க ஆள் இருக்கிறது. கண் தெரியாமல் போகிற குழந்தைக்குத் தண்ணீர் எடுக்க ஒரு கிணறு வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் போனேன். அது சரியான கணக்கா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. பட்டப்பகல் வெயில். ஆண்கள் முன்னால், பெண்கள் தள்ளி. முனிராஜு அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் வருவது அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது, என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான். திம்மராயன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

ஊர்க்கவுண்டர் பேரனைப் புதைத்த மனிதர். கத்தவில்லை. ஓரமாக ஒரு கல்லைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"வாத்தியாரே, நீங்க படிச்சவரு. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. காப்ப அறுத்தது யாரு?"

கிருமி என்றும் ஊசி என்றும் எனக்குத் தெரிந்த பாடமெல்லாம் அந்த நேரத்தில் தொண்டைக்கு வந்தது. அம்மை குத்துகிறவர்கள் வந்தபோது பிள்ளைகளைச் சோளக்கொல்லையில் ஒளித்து வைத்தீர்களே என்று கேட்க நினைத்தேன். பேரனைப் பறிகொடுத்தவரின் முகத்துக்கு எதிரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான்தான் அறுத்தேன்" என்றேன். "அவன் வேணாம்னு சொன்னான். நான்தான் கையைப் பிடிச்சு அறுத்தேன்."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பொத்தான்கள் தெறித்தன. ஒரு பெண் மண்ணை வாரி என்மேல் எறிந்தாள், அவள் செத்துப்போன இன்னொரு குழந்தையின் தாய் என்று பிறகு தெரிந்தது. உயிரோடு திரும்புவேனா என்று பயந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"சார் பொய் சொல்றாரு."

முனிராஜு எழுந்து நின்றுகொண்டிருந்தான். திம்மராயன் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவன் விடுவித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அவுரு அறுக்கல. அறுக்கவும் சொல்லல. மெஷின்கிட்ட போவாதன்னு வேற வேல குடுத்தாரு. நான்தான் செஞ்சேன். பிளேடு எடுத்து நானே அறுத்தேன். கயித்த நானே கட்டிக்கினு வந்து ஒங்களையெல்லாம் ஏமாத்தினேன்."

ஊர்க்கவுண்டர் அவனையே பார்த்தார்.

"இத ஏன்டா மொதல்லியே சொல்லல?"

"பயமா இருந்துச்சி."

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் இருக்குது."

அந்தப் பையன் எங்கள் ஷெட்டில் நிற்பது போலவே நின்றான், கை இரண்டும் பக்கத்தில், தலை நிமிர்ந்து. தானாக எழுந்து சொன்னவனுக்குத் தண்டனை கிடையாது என்று நான் சொல்லிக்கொடுத்தேனே, அந்த நிற்பு. அந்தச் சலுகை எங்கள் தகரக் கூரைக்குக் கீழே மட்டும்தான் செல்லும் என்று நான் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுகூட இல்லை.

என் சட்டையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. பெரியவர்கள் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஊர்க்கவுண்டர் தீர்ப்பைச் சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது.

"நெசத்தச் சொன்னதால ஊட்டத் தள்ளி வெக்கல. தண்ணி எடுத்துக்குங்க, கோயிலுக்கு வாங்க. ஆனா இவன் இனிமே நம்ம ஊர் எல்லையத் தாண்டி உள்ள வரக் கூடாது. நல்லதுக்கும் வரக் கூடாது, கெட்டதுக்கும் வரக் கூடாது. பெத்தவங்க செத்தாலும் வரக் கூடாது."

அவன் அம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து ஓடி வந்து அவர் காலில் விழுந்தாள். அவர் விலகி நின்றுகொண்டார். முனிராஜு அன்றைக்கே, உடுத்திய வேட்டியோடு என்கூட வர வேண்டும் என்று ஆகிவிட்டது.

பஸ் நிற்கும் இடம்வரை திம்மராயன் எங்களோடு நடந்து வந்தார். பையன் கொஞ்சம் முன்னால் போய் நின்றதும் என்னிடம் திரும்பினார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னவோ சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தீங்களே சார், எப்ப வாய மூடிக்கினு இருக்கணும்னு ஒரு வார்த்த சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?"

பஸ் வந்துவிட்டது. நாங்கள் ஏறிக்கொண்டோம்.

தம்பி தங்கைகளே, இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள், பழக்கதோஷம். புதிய முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்பேனரால் தட்டுகிறவனாக நான் திரும்பிப் போகவில்லை, பையன்கள்தான் கடைசிவரை விதி போட்டார்கள். ஆனால் உங்கள் வகுப்பறை ஒரு தனி ஊர். அங்கே நீங்கள்தான் ஊர்க்கவுண்டர், உங்களுக்குப் பிடித்த சட்டத்தை வைத்துக்கொள்ளலாம். பிள்ளை சாயங்காலம் பஸ் ஏறிப் போவது வேறொரு ஊருக்கு. கேள்வி கேள், உண்மையைச் சொல், நிமிர்ந்து நில் என்று நீங்கள் பழக்கிவிடுகிறவன், அங்கேயும் அதைத்தான் செய்வான். அதற்கான அடி உங்கள் முதுகில் விழாது. ஒன்றைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கும்போது, இதை இவன் வீட்டு வாசலில் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை யோசியுங்கள். யோசித்த பிறகும் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அவனோடு அந்த வாசல்வரை நீங்களும் போக வேண்டும்.

முனிராஜு பெங்களூர் போகும்வரை ஷெட்டிலேயே தங்கினான். கோவிந்தன் தன் பாயைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டான். இருவரும் அதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் அம்மா களியும் கீரையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் தங்கை. முகமெல்லாம் தழும்பு, கண் இரண்டும் வெளுத்துப் போயிருந்தன. முனிராஜு குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அது அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தது.

"அண்ணா, ஊட்டுக்கு எப்ப வருவ?"

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. "பொங்கலுக்கு வந்துடுவான் பாப்பா" என்றேன்.

"இல்ல பாப்பா" என்றான் முனிராஜு. "சார் சும்மா சொல்றாரு. நான் வர மாட்டேன்."

அந்தக் குழந்தை அழும் என்று நினைத்தேன். அழவில்லை. அண்ணன் மடியில் இருந்தபடியே என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது.

"ஏன் சார் பொய் சொல்றீங்க?" என்று கேட்டது.